ஒக்டோபர் 30: ஆறு வரிப் பெட்டி

மூன்றாம் பக்கத்தின் இடது மூலையில்
எனக்கு ஆறு வரி.
'இதே நாளில்' என்று தலைப்பு,
கீழே மின்தடை நேரம்,
அதற்கும் கீழே அந்தியேட்டி அழைப்புகள்.

பொறுக்கி எடுத்தாயிற்று:
1938. வானொலி நாடகமொன்றை நிசமென்று நம்பி
செவ்வாய்க் கிரகத்துப் படைக்குப் பயந்து
அமெரிக்காவில் சிலர் வீட்டைவிட்டு ஓடினர்.
1961. சோவியத்தின் வடகோடித் தீவில்
உலகம் அதுவரை காணாத குண்டு.
1974. கின்ஷாசா, விடியுமுன்,
எட்டாவது சுற்றில் சம்பியன் விழுந்தார்.

நாலாவது வரி எப்போதும் தயார்,
போன வருடத்துக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுவேன்:
1995. வலிகாமம் இடம்பெயர்ந்தது.

இரண்டே சொல்.
அதற்குள் இலட்சக்கணக்கில் ஆட்கள் நடக்கிறார்கள்.
ஒன்பது வயதில் நானும்,
உரும்பிராயிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை
முன்னால் போகிறவரின் முதுகில் மூக்கு உரச.
மழை.
ஒலிபெருக்கி சொன்னதும் வெளிக்கிட்டவர்கள் நாங்கள்.
அமெரிக்காக்காரரை நினைத்து
எனக்குச் சிரிப்பு வருவதேயில்லை.

குடை இல்லை.
சைக்கிளில் கட்டியிருந்ததை அவிழ்த்து
அப்பா என் தலைமேல் கவிழ்த்தது ஒரு பெரிய தட்டம்.
வீட்டில் அதில் மிளகாய் காயவிடுவோம்.
மழை அதில் விழுந்த சத்தம்
காதுக்குள் அல்ல, பல்லுக்குள் கேட்டது.
விடியப்புறம் நிமிர்த்திப் பிடித்து
தேங்கியதைத் தம்பிக்குப் பருக்கினோம்.

அப்போதுதான் பார்த்தேன்,
விளிம்பில் புள்ளி புள்ளியாய்க் குத்திய பெயர்:
மு. ஹ. ஜெஸீமா.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.
'ஏலத்தில எடுத்தது' என்றார் அப்பா.
எந்த ஏலம் என்று கேட்கிற வயது
எனக்கு வந்தபோது
பதில் சொல்கிற வயதை அவர் தாண்டிவிட்டார்.

சஹன் என்று அதற்குப் பெயர்.
இருபது வருடம் கழித்து
மன்னாரில் ஒரு கலியாண வீட்டில்
ஆறு பேராய் வட்டமாய்க் குந்தி
ஒரே சோற்றில் கை வைத்தபோது தெரிந்தது.
அன்று என் பக்கத்துச் சோறு
அப்படியே கிடந்தது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை.
தட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது 1990 நவம்பர்.
அதற்கு முந்திய மாதம், முப்பதாம் திகதி,
சோனகத் தெருவுக்கு
இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள்.
அதுவும் ஒலிபெருக்கிதான்.
உலை வைத்த அடுப்பு உலையோடு நின்றது.

முந்தாநாள் சந்தா கட்ட வந்தார் நிஸ்தார் நானா,
புத்தளத்திலிருந்து திரும்பி
பொம்மைவெளியில் பழைய இரும்பு வாங்குகிறவர்.
காசை எண்ணி வைத்துவிட்டு, கோபமில்லாமல்,
விலை விசாரிக்கிற குரலில் கேட்டார்:
'தங்கச்சி, உங்கட முப்பதாந் திகதிக்கு
எங்கட முப்பதாந் திகதியைத் தெரியாதோ?'

ஜெஸீமா என்று ஆரையும் தெரியுமோ என்று
வாய்வரை வந்தது.
ரசீதில் திகதி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது தட்டச்சு செய்கிறேன்:
1990. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர்.

'பட்டனர்'.
இந்தச் சொல்லின் தாழ்வாரத்தில்
எத்தனை பேர் மழைக்கு ஒதுங்கலாம்!
துவக்கோடு நின்றவர்கள் ஒரு பக்கம்.
அவர்களுக்குப் பின்னால், நனையாமல்,
சஹனை நெஞ்சோடு அணைத்தபடி அப்பா.

ஆண்டு வரிசைப்படி
அந்த வரி எங்கள் வரிக்கு மேலே ஏறுகிறது.
நாலாவதாய் இருந்த நாங்கள் ஐந்தாவது.
ஒரு வரி கீழே இறங்குவதற்கு
இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

தட்டம் இப்போது இல்லை.
மீசாலையில் இரண்டு கொத்து அரிசிக்குக் கொடுத்தோம்.
வாங்கிய மனுசி பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு
'பிள்ளையின்ர அம்மாவோ?' என்றா.
அம்மா ஓம் என்று தலையாட்டினா.

இன்னும் ஒரு வரி மிச்சம்.
தலையாட்டியதை எந்த ஆண்டின் கீழ் போடுவது என்று
நான் யோசித்துக்கொண்டிருக்க,
பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில்
வடிவமைப்புத் தம்பி
மின்தடை அறிவித்தலை மேலே இழுத்துவிட்டான்:

மீசாலை, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை.